சம்பந்தப்பட்டவருக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் கொளஞ்சிநாதனிடம் வாயைக் கொடுத்து மீண்டு வந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். அதற்காக ஆளைச் சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். குரலை உயர்த்த மாட்டார். கெட்ட வார்த்தை வாயில் வராது. காபி கொடுத்தால் 'நல்லா இருக்குங்க' என்று சொல்லித்தான் டம்ளரைக் கீழே வைப்பார். அவர் காதுபட 'கடவுள்' என்ற சொல்லை மட்டும் உச்சரித்துவிடக் கூடாது. உச்சரித்தால் தீர்ந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உங்கள் முகத்தை ஆசையாகப் பார்த்து, "கடவுள்னு சொன்னீங்களே, அப்படின்னா இன்னாங்க?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் உங்கள் பஸ் போய்விடும்.

பங்குனி உத்திரத்துக்குப் பத்திரிகை கொடுக்க வரும் கோயில் கமிட்டிக்காரர்கள், அவர் தெருவுக்குள் நுழையுமுன் முதல் வீட்டிலேயே விசாரித்துக்கொள்வார்கள். "சாருக்கு இன்னிக்கு எந்த ஷிப்ட்டும்மா?" சார் மைன்ஸுக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் வீட்டுக் கேட்டைத் திறப்பார்கள். ஒரு வருடம் விவரம் தெரியாத ஒரு புது ஆள் மாட்டிக்கொண்டார். 'எல்லாம் வல்ல இறைவன்' என்று பேச்சைத் தொடங்கினார், பாவம். எல்லாம் என்றால் எது எது சேர்த்தி, மண்ணைத் தோண்டாமலே நிலக்கரியை வெளியே கொண்டுவர வல்லவரா, வல்லவர் என்றால் நம்மை எதற்கு மூன்று ஷிப்ட்டும் தோண்ட விட்டிருக்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. அந்த மனிதர் மிச்சப் பத்திரிகைகளை மறுநாள்தான் கொடுத்தார்.

சரி, நாத்திகரா என்றால் அதுவும் இல்லை. "இல்லைன்னு சொல்றதுக்கும் எது இல்லைன்னு தெரியணும் இல்லீங்களா?" என்பார். இதனால் சாமி கும்பிடுகிறவர்களுக்கும் அவரைப் பிடிக்காது, கும்பிடாதவர்களுக்கும் பிடிக்காது. இரண்டு தரப்பையும் ஒரே விஷயத்தில் ஒன்றுசேர்த்த பெருமை டவுன்ஷிப்பில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

இந்த வியாதி அவருக்கு வேலையில் பிடித்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளை ஓட்டும் கண்ட்ரோல் ரூமில் அவர் பர்மனென்ட். மைல் கணக்கில் ஓடும் பெல்ட் அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் விளக்குகளும் ஒரு டெலிபோனும்தான். வெளியே நிற்கிறவன் போனில் "சார், பெல்ட்டுல ஏதோ இருக்குது" என்பான். "ஏதோன்னா? கல்லா, இரும்பா, ஆளா? அதச் சொல்லு மொதல்ல" என்பார் இவர். கல் என்றால் ஒரு விதமாக நிறுத்தணும், இரும்பு என்றால் வேறு ஆளைக் கூப்பிடணும், ஆள் என்றால் மூச்சு விடக்கூட நேரமில்லை. ஒரு தடவை அந்த 'ஏதோ' ஒரு நாயாக இருந்தது. வாலில் கொஞ்சம் கரி ஒட்டியதோடு அது தப்பித்து ஓடியது. இப்படி இருபத்தைந்து வருடம் 'ஏதோ'வை விரட்டி விரட்டிப் பழகிய மனிதரிடம் போய், 'நமக்கு மேல ஏதோ ஒரு சக்தி இருக்குது சார்' என்று சொன்னால் விடுவாரா?

அவரைப் பொறுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அப்துல் கபார். பக்கத்திலிருக்கும் வடக்குத்து என்ற ஊர்க்காரர். மெயின் பஜாரில் பை, பெட்டி, குடை விற்கும் கடை வைத்திருந்தார். காலை ஷிப்ட் முடிந்து வரும் கொளஞ்சிநாதனுக்கு அந்தக் கடையில் ஒரு முக்காலி உண்டு. தொழுகைக்கு நேரமாகிறவரை இருவரும் வாதம் பண்ணுவார்கள். மழைக்காலத்தில் குடை வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டு, குடையை மறந்து நனைந்துகொண்டே போனதுண்டு.

"அவனப் போல எதுவும் இல்ல கொளஞ்சி. எதோடயும் ஒப்பிட முடியாது" என்பார் கபார்.

"பாய், அது மாதிரி இல்ல, இது மாதிரி இல்லன்னா எப்படி? என் செருப்பு தொலஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. கருப்பு இல்ல, பழுப்பு இல்ல, வார் இல்ல, அடி இல்லன்னு அடையாளம் சொன்னா யாரு தேடிக் குடுப்பான்?"

"செருப்பத் தேடறவன் செருப்புக் கடைக்குப் போப்பா. பைக் கடைல உக்காந்துகினு ஏன் என் உயிர வாங்கற?"

இருவரும் சிரிப்பார்கள். டீ வரும். மறுநாளும் இதே கதைதான்.

வீட்டில் விஜயலட்சுமி. அவர் மனைவி. அந்த அம்மாளுக்குப் பூஜை அலமாரியில் இடம் போதாமல் ஃபிரிட்ஜ் மேலும் சாமி உண்டு. வெள்ளிக்கிழமை வில்லுடையான்பட்டு முருகன், சனிக்கிழமை பெருமாள், வழியில் தென்படும் வேப்பமரத்துக்கும் ஒரு கும்பிடு. கல்யாணமான புதிதில் கொளஞ்சிநாதன் தம் கேள்வியை அவளிடமும் கேட்டார். "குழம்புக்கு உப்பு போட்டுட்டனான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். அதோடு அந்த வீட்டில் அந்த விவாதம் முடிந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவள் பேசுவதற்கு சாமிகள் இருந்தன, அவர் பேசுவதற்குக் கபார் பாய் இருந்தார். ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கிடாமல் நிம்மதியாகத்தான் வண்டி ஓடியது.

போன ஆவணி வாக்கில் விஜயலட்சுமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயில் படி ஏறினால் மேல்மூச்சு. அப்புறம் வாசல் தெளித்தாலே மேல்மூச்சு. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாற்றியாக வேண்டும், நாள் கடத்தினால் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. கொளஞ்சிநாதன் வால்வைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் டாக்டரே அசந்துபோனார். எந்தப் பக்கம் திறக்கும், எதனால் செய்தது, எத்தனை வருஷம் உழைக்கும் என்று எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. திருப்தியோடு வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் விஜயலட்சுமி அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆபரேஷன் அன்னிக்கு நீங்க எனக்காக வேண்டிக்கணும்."

"அதுக்கென்ன, வேண்டிக்கறேன்."

"அய்ய, இருங்க. கோயில்ல நின்னுகினு தூணப் பாத்துகினு வர்ற கதையெல்லாம் வேணாம். மெய்யாலுமே வேண்டிக்கணும். உங்களுக்குப் பொய் வராது. அதனாலதான் உங்களக் கேக்கறேன். இல்லன்னா நான் அந்த மேஜைல ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் அப்படி எதையும் அடம்பிடித்துக் கேட்டதே இல்லை. நல்ல புடவைகூடக் கேட்டதில்லை. கொளஞ்சிநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். பயந்து போயிருந்தாள். ஏற மாட்டேன் என்றால் ஏற மாட்டாள்.

அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. வேண்டிக்கொள்வது என்றால் யாரிடமாவது வேண்டிக்கொள்ள வேண்டும். யாரிடம்? ஊரெல்லாம் போய் 'அப்படின்னா இன்னாங்க' என்று கேட்டுக் கேட்டு, ஒருத்தர் சொன்ன பதிலையும் மிச்சம் வைக்காமல் உடைத்துப் போட்டாயிற்று. இப்போது அவசரத்துக்கு ஒன்றுகூடக் கைவசம் இல்லை. நன்றாக வேண்டும் அவருக்கு.

அடுத்த நாளிலிருந்து டவுன்ஷிப் ஓர் அதிசயத்தைப் பார்த்தது. கொளஞ்சிநாதன் தாமே தேடிப்போய்க் கடவுளைப் பற்றி விசாரித்தார். முதலில் தம் பிளாக்கில் இருந்த பிள்ளையார் கோயில் குருக்களிடம் போனார். இவரைக் கண்டதும் குருக்கள் அவசர வேலையாக மடப்பள்ளிக்குள் புகுந்துகொண்டார். விடாமல் வாசலிலேயே நின்றதும் எட்டிப் பார்த்து, "மொதல்ல பக்தி பண்ணுங்கோ சார், தானா புரியும்" என்றார்.

"அதாவது மெஷின மொதல்ல ஓட்டிடு, என்ன மெஷின்னு அப்பறம் பாத்துக்கலாங்கறீங்க" என்றார் கொளஞ்சிநாதன். ஆனால் இந்த முறை அவர் குரலில் வழக்கமான குஷி இல்லை. குருக்களே ஒரு கணம் திகைத்து, கையில் இருந்த வாழைப்பழத்தை அவரிடம் கொடுத்தார்.

அடுத்தது பாலகுமார். கண்ட்ரோல் ரூமில் கூட வேலை பார்ப்பவர், லீவு நாளில் கறுப்புச் சட்டை தவிர வேறு போடாதவர், சாமி இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவர்.

"பாலா, நீ இல்லைன்னு சொல்ற ஆளு. எது இல்லைன்னு சுத்தமா தெரிஞ்சு வெச்சிருப்ப. அதக் கொஞ்சம் எனக்குச் சொல்லேன்."

"என்னண்ணே, காலங்காத்தால கிண்டலா?"

"இல்லப்பா. அவசரமா வேணும்."

பாலகுமார் யோசித்தார். "மேல உக்காந்துகினு, எல்லாத்தையும் பாத்துகினு, வேண்டினவனுக்குக் குடுக்கற ஒரு ஆளு. அதான் இல்லைங்கறேன்."

"அப்ப கீழ உக்காந்துகினு இருக்கற ஆளு இருக்கலாமா?"

"அண்ணே!"

"பாக்காம, கேக்க மட்டும் கேக்கற ஆளு?"

பாலகுமார் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடமாக மறுத்து வந்த ஒன்றை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் கோபம் இறங்கிவிட்டது. "வேண்டறதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. அண்ணிக்கு ரத்தம் வேணும்னா போன் பண்ணுங்க. எந்த நேரம்னாலும் வரேன்" என்றார். கொளஞ்சிநாதனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அது அவர் தேடிவந்த பதில் இல்லை.

கடைசியில் குடைக் கடை. கபார் முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"கூப்புடு கொளஞ்சி. யாருன்னு அவன் சொல்லிக்குவான்."

"பதில் வரலன்னா பாய்?"

"உங்க கண்ட்ரோல் ரூம்ல போன் அடிக்கற. அந்தப் பக்கம் எடுக்கல. இன்னா செய்வ?"

"திரும்ப அடிப்பேன்."

"ஆளு இல்லன்னு முடிவு கட்டி பெல்ட்ட ஓட்டிட மாட்டியே?"

"அதெப்படி பாய் முடியும்?" என்று சொல்லிவிட்டு கொளஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கபாருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இத்தனை வருடத்தில் இவன் வாய் அடைபட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. "ஆனா அங்க ஆளு உண்டுன்னு எனக்குத் தெரியும் பாய். மாசாமாசம் சம்பளம் வாங்கறான்" என்றார் கொளஞ்சிநாதன். கபார் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நாள் விடிந்தது. விஜயலட்சுமிக்குப் பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொப்பியில் அவள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"விஜயா, எல்லார் கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் தேறல. யாருன்னே தெரியாம எப்படி வேண்டிக்கறது? பொய்யா செய்யக் கூடாதுன்னு நீயே சொல்லிட்ட."

சொல்லிவிட்டு, 'அப்ப வாங்க, வூட்டுக்குப் போலாம்' என்று அவள் எழுந்து உட்காரப் போகிறாள் என்று காத்திருந்தார். அவளோ அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"என்னமோ எனக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி பேசறீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இத்தன வருஷமா யார்கிட்ட பேசிகினு இருந்த?"

"தெரியாமத்தான் பேசிகினு இருந்தேன். புள்ள கேட்டேன். வரல. அதுக்கப்பறமும் பேசிகினுதான் இருந்தேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "யாருன்னு கண்டுபுடிக்கச் சொல்லி உங்கள நான் கேட்டனா? எனக்குப் பயமா இருக்குதுங்க. எப்பவும் நான் ஒருத்தியேதான் கேட்டுகினு இருக்கேன். இந்த ஒரு தடவ நீங்களும் என்கூடச் சேந்து கேளுங்க. அவ்ளோதான் சொன்னேன்."

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவர் சரி என்று தலையாட்டியதும் அவள் ஏறிப் படுத்தாள். கதவுவரை அவள் விரலைப் பிடித்துக்கொண்டே போனார். கதவு அவரை மட்டும் வெளியே விட்டுவிட்டுச் சாத்திக்கொண்டது.

வெளியே நாற்காலி வரிசை. கபார் விடியற்காலை பஸ்ஸிலேயே வந்து, கையில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. கொளஞ்சிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கேட்க வேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். விளிப்பதற்குத்தான் சொல் இல்லை. முருகா என்றால் பொய். அல்லா என்றாலும் பொய். கடவுளே என்றால் அவருடைய பழைய கேள்வியே எழுந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

டவுன்ஷிப்பில் ஒரு பழக்கம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் எந்த ஆபீஸ், எந்த செக்ஷன், எந்த அதிகாரி என்று எவருக்கும் தெரியாது. 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று போட்டுப் புகாரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். எங்கெங்கோ சுற்றி, ஒருநாள் யாரோ ஒருவர் ஏணியோடு வாசலில் வந்து நிற்பார். கொளஞ்சிநாதன் வாழ்நாளெல்லாம் அப்படிப் புகார் கொடுத்தவர். அந்தச் சொல்லில் மட்டும் அவருக்கு ஒரு பொய்யும் தட்டுப்படவில்லை.

'சம்பந்தப்பட்டவருக்கு வணக்கம்' என்று மனத்துக்குள் ஆரம்பித்தார். 'ரெண்டாவது மாடி, பெண்கள் வார்டு, பெட் நம்பர் பன்னெண்டு. இதய வால்வு கேஸ். நல்லபடியா முடிச்சுக் குடுக்கணும். நல்ல மனுஷி. யாருக்கும் ஒரு தீங்கும் செஞ்சதில்ல. தயவுசெஞ்சு கவனிங்க.' மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடியும் சொன்னார். திரும்பத் திரும்ப, ஒரு சொல் மாறாமல், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து குரல் கொடுத்தாள். "பெட் பன்னெண்டு அட்டெண்டர் யாருங்க?"

கொளஞ்சிநாதன் துள்ளி எழுந்தார். "நாந்தாம்மா. ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?"

"ஆபரேஷனா? கஸ்தூரியம்மாவுக்கு நாளன்னிக்குத்தானே ஆபரேஷன்? இன்னும் அவங்க சாப்பிடல, யாராச்சும் இட்லி வாங்கியாங்க."

"எந்தக் கஸ்தூரியம்மா? பன்னெண்டு எங்க வீட்டம்மா."

"உங்க வீட்டம்மாவ நேத்து சாயங்காலமே வேற பெட்டுக்கு மாத்தியாச்சே சார். நீங்கதானே பையத் தூக்கிகினு வந்தீங்க?"

நர்ஸ் போய்விட்டாள். கொளஞ்சிநாதன் நின்றது நின்றபடி நின்றார். முகத்தில் ரத்தமில்லை. கபார் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"தப்பான நம்பர் குடுத்துட்டேன் பாய்."

"யாருக்குக் குடுத்த?"

"வேண்டுதல்ல. பன்னெண்டுன்னு சொல்லிட்டேன். அவ அங்க இல்ல."

"பேரச் சொல்லலியா?"

பெயரா? டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவனிடம் பெயரைக் கேட்கலாமா? இங்கே ஆளைக் கேட்டால் பிளாக்கும் க்வார்ட்டர்ஸ் நம்பரும்தான் வரும். க்வார்ட்டர்ஸ் மாறிப் போனவர்களுக்கு வரும் கல்யாணப் பத்திரிகை, பழைய நம்பரில் புதிதாக வந்தவர் வீட்டில்தான் விழும். அவர்களும் தாராளமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்தப் பழக்கம் ஆபத்து நேரத்தில் இப்படிக் காலை வாரிவிட்டது.

"கொளஞ்சி, நீ யாரச் சொல்றேன்னு அவனுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும் பாய்? தப்பாச் சொன்னது நானு. அவரு மேல இன்னா குத்தம் இருக்குது? அவரு சொன்ன எடத்தத்தானே போய்ப் பாப்பாரு!"

'அவரா? அவருன்னா யாருப்பா?' என்று கேட்க கபாருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை வருடத்துக் கணக்கு! ஒரே கேள்வியில் தீர்த்திருக்கலாம். நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கே கபாருக்குச் சொர்க்கத்தில் இடம் உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

"போய்ப் பாத்துட்டு வா. அந்தம்மாவுக்கு இட்லியும் வாங்கினு போ. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் ஓர் அம்மாள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முத்தாண்டிக்குப்பம். பெயர் கஸ்தூரியம்மாள். மகன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை முடித்து ராத்திரிதான் வருவானாம். மூச்சிரைக்க ஓடிவந்து தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்த மனிதரைப் பார்த்து அவள் புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"யாருய்யா நீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்டம்மாவுக்கு உள்ள ஆபரேஷன் நடக்குது, வேண்டிகினு உக்காந்திருந்தேன். இட்லி குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

'அந்த வேண்டுதல் உங்களுக்கு இல்லம்மா, எங்க வீட்டுக்காரிக்கு, மாத்தி வந்துருச்சு' என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவளிடம் சொல்ல முடியாவிட்டாலும், சம்பந்தப்பட்டவரிடமாவது சொல்லி அந்த வேண்டுதலை ரத்து செய்துவிட நினைத்திருந்தார். அந்த அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"எனக்கும் நாளன்னிக்கு நெஞ்சுல கத்தி வைக்கறாங்கய்யா. ரொம்ப பயமாக்கீது. எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கய்யா."

கொளஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏற்கனவே வேண்டிகினேம்மா" என்றார்.

திரும்பி வரும்போது ரத்து செய்யும் பேச்சை அவர் எடுக்கவில்லை. கொடுத்ததைப் பிடுங்க எப்படி மனசு வரும்? நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, 'பன்னெண்டாம் நம்பருக்குச் சொன்னது சொன்னதுதான், அத மாத்த வேணாம். இது வேற' என்று தொடங்கி, இம்முறை நம்பரை விட்டுவிட்டு விஜயலட்சுமி, விஜயலட்சுமி என்று முழுப்பெயரையும் சொன்னார். அவர் வாயால் அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. சத்தம் வெளியே வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. கபாருக்குத் தெரிந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். கொளஞ்சிநாதன் டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் சாயங்காலம்தான் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். மார்பில் ஒரு தலையணையை அணைத்தபடி விஜயலட்சுமி படுத்திருந்தாள். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் பழைய கண்.

"கேட்டீங்களா?" என்றாள் ஈனக்குரலில்.

"கேட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான்." பொய் சொல்லத் தெரியாத மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெட் நம்பர் மாறின கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

விஜயலட்சுமி கண்ணைப் பெரிதாக்கினாள். "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ வேண்டிகினீங்க. அதுவும் அடுத்தவளுக்கா?"

"மொதல்லதான் அவங்களுக்கு. அப்பறம் பேர் சொல்லி உனக்கு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை இறுக்கிக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள். கண்ணோரம் நீர் வழிந்தது. வலியா, சிரிப்பா, வேறு எதுவுமா என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் அடங்கியதும் அவளே சொன்னாள்: "நாளைக்கு அந்தம்மாவுக்கு ஆபரேஷன் இல்ல? போங்க. போய் நில்லுங்க."

மறுநாள் காலை அறுவை அரங்கின் வாசலில் கஸ்தூரியம்மாளின் மகன் குமரவேல் நகத்தைக் கடித்தபடி நின்றான். வாட்டசாட்டமான ஆள், பயத்தில் பாதியாகியிருந்தான். பக்கத்தில் கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒரு மனிதர் தன் அம்மாவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குத் தாங்கவில்லை.

"சார், எந்த சாமிய வேண்டிகினு இருக்கீங்க?"

கொளஞ்சிநாதன் கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா இருப்பா. பேசிகினு இருக்கேன் இல்ல?" என்றார்.